பாடம் 9: வெளிறிய பழைய காரை மெஷினால் மெருகேற்றுதல்

இப்பாடம் யாருக்கு?

மீள்குடியேறும் குடும்பங்களில் சிலவற்றிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. சிலர் அதை இடம்பெயர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள். சிலர் உறவினர் வீட்டில் விட்டு வைத்திருந்தார்கள். வேறு சிலர் திரும்பி வந்தபோது, கூரை விழுந்த கொட்டிலின் கீழ் அது அப்படியே நிற்பதைக் கண்டார்கள். எஞ்சினைத் திருத்திவிடலாம், ரயர் மாற்றிவிடலாம், ஆனால் வெயிலில் வெளிறிச் சுண்ணாம்பு பூசியதுபோல் நிற்கும் பூச்சை என்ன செய்வது என்று பலர் கேட்கின்றனர். இப்பாடம் அக்கேள்விக்கான பதில்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய கார் ஆடம்பரப் பொருள் அல்ல. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் நாட்டில் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் அதற்கு முன் வந்திறங்கிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற இங்கிலாந்துக் கார்களையே திருத்தித் திருத்தி ஓடவேண்டி வந்தது. 1990க்குப் பின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், கொஞ்சப் பெற்றோலில் எஞ்சினை ஸ்ராட் செய்து பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டியதும் இதே கார்களைத்தான். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, நடக்க முடியாதவர்களை ஏற்றிச் சென்ற வாகனங்களில் இவையும் இருந்தன.

இன்று இக்கார் உங்களுக்கு இரண்டு வழிகளில் உதவலாம். கல்யாண வீடு, கோயில், ஆசுபத்திரி என்று வாடகைக்கு ஓடி வருமானம் தரலாம். அல்லது வீடு கட்டும் செலவுக்காக விற்கப்படலாம். இரண்டிலும் பூச்சின் தோற்றம் விலையைத் தீர்மானிக்கிறது. வெளிறிய காரைப் பார்த்தவுடன் வாங்க வருபவர் இரும்பு விலை சொல்வார். அதைக் கேட்டு மனம் சோர்ந்து விற்றவர்களும் உண்டு. கடன்பட்டு முழுக் காருக்கும் புதுப்பூச்சு அடித்தவர்களும் உண்டு. பல கார்களுக்கு இந்த இரண்டும் தேவையில்லை. இரண்டு நாள் உழைப்பும் சிறிதளவு பொருளும் போதும்.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மெருகேற்றுவது பூச்சைக் கூட்டும் வேலை அல்ல, குறைக்கும் வேலை. மேலே செத்துப்போன படையை அராவி எடுத்து, கீழே உயிரோடிருக்கும் படையை வெளியே கொண்டுவருகிறோம். அராவியதைத் திருப்பி வைக்க முடியாது. இப்பாடத்தில் உள்ள எல்லா எச்சரிக்கைகளுக்கும் காரணம் இதுதான்.

1. காரைத் தொடுவதற்கு முன்

*வெடிபொருள்.* நீண்ட காலம் ஆளில்லாமல் இருந்த வளவில் நிற்கும் காரின் அருகே, அந்த வளவு மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படும் வரை போகவேண்டாம். காரின் கதவைத் திறக்கவோ, பொனற்றைத் தூக்கவோ, காரைத் தள்ளவோ, அடியில் வளர்ந்த பற்றையை வெட்டவோ கூடாது. சந்தேகமான பொருள் எதைக் கண்டாலும் தொடாமல், வந்த பாதையாலேயே திரும்பி, கிராம அலுவலருக்கு அல்லது அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு அறிவியுங்கள். பிள்ளைகளுக்குக் கைவிடப்பட்ட வாகனம் விளையாட்டுப் பொருளாகத் தெரியும். அவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லி வையுங்கள்.

*ஆவணம்.* எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இலக்கம் பொறித்த தகட்டின் மீது மெஷினைப் பிடிக்கவேண்டாம். எழுத்துத் தேய்ந்தால் விற்கும்போது சிக்கல் வரும். பதிவுப் புத்தகம் தொலைந்திருந்தால், காருக்குச் செலவு செய்வதற்கு முன்னரே பொலிஸில் முறைப்பாடு பதிந்து, மாற்றுப் பிரதி பெறும் வேலையைத் தொடங்குங்கள். ஆவணமில்லாத கார் எவ்வளவு மினுங்கினாலும் விலை போகாது.

*உடல்.* மெருகேற்றும் முன் காரின் அடியைப் பாருங்கள். மொறிஸ் மைனரில் தனியான செசி இல்லை. தரைத்தகடும் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியுமே காரைத் தாங்குகின்றன. அவை கறள் பிடித்து உக்கியிருந்தால் கார் ஓடுவதற்கே ஆபத்து. ஒஸ்ரின் ஏ40 டெவன், சோமர்செற் கார்களில் தனியான செசி உண்டு. அதனை ஒரு சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உக்கியது மந்தமாக ஒலிக்கும். காசு குறைவாக இருந்தால் முதற்காசு வெல்டிங்குக்கும் பிரேக்குக்கும் போகட்டும். மெருகு அதற்குப் பிறகுதான்.

2. பூச்சு ஏன் வெளிறுகிறது?

அந்தக் காலத்துக் கார்ப் பூச்சில் முக்கியமாக இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று நிறத்தைத் தரும் நிறத்தூள். மற்றையது அத்தூளைப் பிடித்து வைத்திருக்கும் பிசின். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து மேற்படையிலுள்ள பிசினைச் சிதைக்கின்றன. பிசின் போனதும் நிறத்தூள் பிடிப்பின்றித் தூளாக மேலே நிற்கிறது. கையால் தடவினால் விரலில் ஒட்டுவது அந்தத் தூள்தான். மேற்பரப்புக் கரடாகிவிடுவதால் ஒளி நேராகத் தெறிக்காமல் நாலாபக்கமும் சிதறுகிறது. அதனால்தான் கறுப்புக் கார் சாம்பலாகவும் சிவப்புக் கார் ரோசாவாகவும் தெரிகின்றன.

நமது குடாநாட்டில் இதை விரைவுபடுத்தும் காரணங்கள் மேலும் இரண்டு உண்டு. முதலாவது உப்புக்காற்று. கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த இந்நிலத்தில் எந்த ஊரும் கடலுக்குத் தூரமில்லை. இரண்டாவது நமது கிணற்று நீர். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல்; எனவே நீரில் கல்சியம் அதிகம். கழுவிவிட்டுத் துடைக்காமல் விட்டால், நீர் உலர்ந்து வெள்ளை வட்டங்கள் விழும். கேத்திலின் உட்புறத்தில் படியும் அதே படிவுதான் இது.

பிற்காலக் கார்களில் நிறத்துக்கு மேலே நிறமற்ற தெளிபூச்சு ஒன்று தனியாக இருக்கும். பழைய இங்கிலாந்துக் கார்களில் அது இல்லை. நிறமும் மினுக்கமும் ஒரே படையில் உள்ளன. இது நமக்கு வாய்ப்பானது. தெளிபூச்சு உரிந்த புதிய காரை மெருகேற்றிச் சரிசெய்ய முடியாது. ஒரே படையுள்ள பழைய காரைச் சரிசெய்யலாம்.

3. பூச்சு உயிரோடு இருக்கிறதா? நான்கு சோதனைகள்

முதலில் காரைக் கழுவித் துடைத்துவிட்டு இவற்றைச் செய்யுங்கள்.

*ஈரத்துணிச் சோதனை.* வெளிறிய இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள். ஈரமாக இருக்கும்போது பழைய நிறம் ஆழமாகத் தெரிந்து, உலர்ந்ததும் மீண்டும் வெளிறினால், கீழே நல்ல பூச்சு இருக்கிறது. ஈரத்திலும் நிறம் வராவிட்டால் அங்கே மெருகேற்றப் பூச்சே இல்லை.

*வெடிப்புச் சோதனை.* உலர்ந்த குளத்தின் சேறுபோல் பூச்சு வெடித்திருக்கிறதா? கொப்புளம் எழும்பியிருக்கிறதா? கொப்புளத்தின் கீழ் இருப்பது கறள். அந்த இடத்தில் மெஷின் பிடித்தால் பூச்சுச் செதிலாகப் பறக்கும். அதைத் தனியாகச் சுரண்டி, கறள் நீக்கி, அடிப்பூச்சும் மேற்பூச்சும் அடிக்க வேண்டும்.

*காந்தச் சோதனை.* ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் உள்ளே பூசிமெழுகிய பட்டி தடிப்பாக இருக்கிறது. ஷெல் துண்டு பட்ட ஓட்டைகள் இவ்வாறு அடைக்கப்பட்டிருக்கலாம். அங்கே மெஷின் அழுத்தம் குறைவாக இருக்கவேண்டும்.

*தூரிகைச் சோதனை.* பக்கவாட்டில் இருந்து பார்த்தால் தூரிகைக் கோடுகள் தெரிகின்றனவா? அப்படியானால் அது கதவு, யன்னலுக்கு அடிக்கும் எனாமலால் கையால் பூசியது. அதுவும் ஓரளவு மினுங்கும். ஆனால் சூட்டில் இலகுவில் இளகும். மெஷினைத் தவிர்த்துக் கையால் செய்யுங்கள்.

4. ஈயம்: பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு முக்கியம்

1950, 1960களின் பூச்சுகளில் ஈயம் கலந்திருப்பது வழக்கம். மஞ்சள், சிவப்பு, பச்சை நிறத்தூள்களில் அது கூடுதலாக இருக்கலாம். ஈயத்தூள் சுவாசத்தாலும் வாயாலும் உடலுக்குள் போகிறது. சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். கர்ப்பிணித் தாய்மாருக்கும் கேடு. தீங்கில்லாத அளவு என்று ஒன்று இல்லை. உங்கள் காரின் பூச்சில் ஈயம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வேலை செய்யுங்கள்.

- உலர்ந்த மணற்தாளால் ஒருபோதும் தேய்க்கவேண்டாம். எதையும் ஈரமாகவே தேயுங்கள்.
- வீட்டுக்குள்ளோ, சமையல் செய்யும் கொட்டிலுக்கு அருகிலோ வேலை செய்யவேண்டாம். பிள்ளைகளும் கோழிகளும் வராத இடமாக இருக்கட்டும்.
- தூசி தடுக்கும் முகமூடியும் கண்ணாடியும் அணியுங்கள். முகத்தில் கட்டும் கைலேஞ்சி நுண்தூளைத் தடுக்காது.
- வேலை இடத்தில் வெற்றிலை போடவோ, பீடி சிகரெட் புகைக்கவோ, தேநீர் குடிக்கவோ வேண்டாம். முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.
- கழுவும் நீர் கிணற்றை நோக்கி ஓடக்கூடாது. நமது சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது விரைவாகக் கீழே இறங்கும். கிணற்றிலிருந்து இயன்றவரை தள்ளி வேலை செய்யுங்கள்.
- அழுக்கான துணிகளை எரிக்கவேண்டாம். பையில் கட்டிக் குப்பை சேகரிப்போரிடம் கொடுங்கள். வேலைக்குப் போட்ட உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்கவேண்டாம்.

5. தேவையான பொருள்கள்

*மெஷின்.* வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பொலிஷ் மெஷின் வேண்டும். நிமிடத்துக்கு 600 முதல் 3000 சுற்றுவரை ஓடுவது பொருத்தம். இரும்பு வெட்டும் கிறைண்டரில் பொலிஷ் வட்டைப் பூட்டி வேலை செய்யவே வேண்டாம். அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று ஓடும்; சில விநாடிகளில் பூச்சை எரித்துவிடும். வட்டும் பிய்ந்து பறக்கலாம். மெஷின் வாங்க வேண்டியதில்லை. கராஜ்களில் வாடகைக்குக் கேட்கலாம். பழைய கார் வைத்திருக்கும் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம்.

*வட்டுகள்.* கம்பளி வட்டு ஒன்று, ஸ்பொஞ் வட்டு இரண்டு. கம்பளி வேகமாக அராவும்; ஸ்பொஞ் மெதுவாக அராவி மினுக்கம் தரும்.

*பசைகள்.* அராவும் பசையாகிய கொம்பவுண்ட், மெருகுப் பொலிஷ், மெழுகு என மூன்று. சிலிக்கன் கலந்தவற்றைத் தவிருங்கள். பிறகு எங்காவது புதுப்பூச்சு அடிக்க நேர்ந்தால் அது ஒட்டாமல் குழிகுழியாகும்.

*மற்றவை.* இரண்டு வாளி, வாகனம் கழுவும் சவர்க்கார நீர், மாஸ்கிங் ரேப், பழைய பருத்திச் சேலைத் துணி அல்லது துவாய், பல்துலக்கும் பழைய பிரஷ். துணியில் பொத்தான், சரிகை இருக்கக்கூடாது.

*மின்சாரம்.* மெஷின் பெரும்பாலும் 1000 முதல் 1200 வாற் வரை இழுக்கும். வீட்டுக்கு இணைப்பு இன்னும் வராதவர்கள் 2 கிலோவாற் ஜெனரேற்றர் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம். ஒட்டுப்போட்ட வயரைப் பாவிக்கவேண்டாம். வயரைச் சுருளாக வைக்காமல் முழுவதும் விரித்து விடுங்கள். ஈர நிலத்தில் வெறுங்காலுடன் நின்று மெஷினைப் பிடிக்கவேண்டாம். ட்றிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே அழுத்திப் பாருங்கள்.

6. வேலை முறை

*முதலாம் படி: கழுவுதல்.* காலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது, நிழலில் வைத்துக் கழுவுங்கள். மா மரத்தின் கீழ் நிறுத்தவேண்டாம். பால் சொட்டினால் பூச்சில் கறை பிடிக்கும். மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். சவர்க்கார நீர் ஒரு வாளியிலும் துணியை அலசும் நீர் மற்ற வாளியிலும் இருக்கட்டும்; இல்லாவிட்டால் மணல் திரும்பப் பூச்சில் ஏறிக் கீறும். கிணற்று நீரின் வெள்ளை வட்டங்களுக்கு, விநாகிரியில் அதே அளவு நீர் கலந்து துணியால் ஒற்றி, ஒரு நிமிடத்துக்குள் கழுவிவிடுங்கள். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலுக்கு அதையே எடுங்கள். உடனே துடைத்து உலர்த்துங்கள்.

*இரண்டாம் படி: ரேப் ஒட்டுதல்.* ரப்பர் விளிம்புகள், குரோம் பட்டிகள், கைபிடிகள், விளக்கு ஓரங்கள், பொனற்றின் நடுவில் எழும்பி நிற்கும் மடிப்பு, கதவின் ஓரம் ஆகிய எல்லாவற்றிலும் ரேப் ஒட்டுங்கள். மடிப்பிலும் ஓரத்திலும் பூச்சு எப்போதும் மெல்லியதாக இருக்கும். முதலில் இரும்பு தெரியும் இடம் அதுதான்.

*மூன்றாம் படி: எண்ணெய் ஊட்டல்.* ஒரே படையுள்ள பழைய பூச்சு உலர்ந்த தோல் போன்றது. அராவும் பொருள் இல்லாத, எண்ணெய்ப் பசையுள்ள பொலிஷைக் கையால் தாராளமாகப் பூசி, இரவு முழுவதும் விட்டுக் காலையில் துடையுங்கள். துணியில் செத்த நிறம் ஏராளமாக வரும். சில கார்களுக்கு இதுவே பாதி வேலையை முடித்துவிடும்; அந்த அளவுக்கு அராவவேண்டிய தேவை குறையும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், டீசல் எதையும் இதற்குப் பூசவேண்டாம். அன்றைக்கு மினுங்கும், மறுநாள் புழுதி முழுவதும் அதில் ஒட்டும்.

*நான்காம் படி: சோதனைச் சதுரம்.* கண்ணில் படாத ஓர் இடத்தில், இரண்டு அடிச் சதுரத்தில் மட்டும் முதலில் செய்து பாருங்கள். மெதுவான பொருளில் தொடங்குங்கள்: ஸ்பொஞ் வட்டும் பொலிஷும். அது போதாவிட்டால் ஸ்பொஞ் வட்டும் கொம்பவுண்டும். அதுவும் போதாவிட்டால் மட்டுமே கம்பளி வட்டு. எது போதுமோ அதோடு நிறுத்துங்கள்.

*ஐந்தாம் படி: மெஷின் பிடித்தல்.* பட்டாணி அளவில் நான்கு ஐந்து பொட்டுப் பசையை வைத்து, மெஷினை ஓடவிடாமல் வட்டால் பரப்புங்கள். பிறகு 600 முதல் 900 சுற்றில் தொடங்கி, 1200 முதல் 1500 வரை கூட்டுங்கள். அதற்கு மேல் தேவையில்லை. மெஷினின் பாரமே பெரும்பாலும் போதும். வட்டைத் தட்டையாகப் பிடித்து, ஓர் அடித் தூரத்தை நான்கு ஐந்து விநாடியில் கடக்கும் வேகத்தில் நகர்த்துங்கள். ஒவ்வொரு கோடும் முந்திய கோட்டின் பாதியை மூடட்டும். முதலில் குறுக்காக, பின்னர் நெடுக்காக. மெஷினை ஓடிக்கொண்டே ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள்.

இடைக்கிடை புறங்கையால் தகட்டைத் தொடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாவிட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள். ஓரங்களில் வட்டு உள்ளேயிருந்து வெளியே சுழன்று விலகும்படி பிடியுங்கள். விளிம்பில் மோதும்படி பிடித்தால் பூச்சு உரிந்துவிடும்.

வட்டில் காரின் நிறம் ஏறும். பயப்படவேண்டாம், ஒரே படையுள்ள பூச்சில் அப்படித்தான் வரும். ஆனால் அந்த நிறம் மாறி, சாம்பலாகவோ செங்கல் நிறமாகவோ வரத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். அது அடிப்பூச்சு. ஒரு பகுதி முடிந்ததும் வட்டைப் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். செத்த தூள் நிறைந்த வட்டு மினுக்காது, கீறும்.

*ஆறாம் படி: மெருகு.* முழுக் காருக்கும் அராவல் முடிந்ததும், புதிய ஸ்பொஞ் வட்டில் மெருகுப் பொலிஷை வைத்து, அழுத்தம் குறைத்து ஒருமுறை செய்யுங்கள். கம்பளி விட்ட வட்டக் கோடுகள் இதில் மறையும். வெயிலில் சரிவாக நின்று பார்த்தால் விடுபட்ட இடம் தெரியும்.

*ஏழாம் படி: மெழுகு.* பூச்சின் புதிய மேற்பரப்பு இப்போது வெறுமையாக நிற்கிறது. அன்றே மெழுகு பூசாவிட்டால் வெயில் தன் வேலையை மறுபடி தொடங்கும். கையால் மெல்லியதாகப் பூசி, புகார் பிடித்ததுபோல் உலர்ந்ததும் துடையுங்கள். நல்ல கார் மெழுகில் சேரும் கார்னோபா என்னும் பொருள், பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படுவது. வறண்ட வெயிலில் தன் ஓலையின் ஈரத்தைக் காக்க அந்த மரம் சுரப்பது நமது காரையும் காக்கிறது.

7. ஓர் உதாரணம்

தெல்லிப்பழைப் பக்கம் மீள்குடியேறிய ஒரு குடும்பத்திடம் கறுப்பு ஏ40 ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தகப்பன் முன்பு அதை வாடகைக்கு ஓடியவர். எஞ்சின் ஓடுகிறது; பூச்சு முழுவதும் சாம்பல். மகன் புதுப்பூச்சு அடிக்க விரும்புகிறார். கராஜில் விலை கேட்டால் அது ஒரு வருட வாடகை வருமானத்தைத் தின்றுவிடும்போல் இருக்கிறது. பக்கத்துக் கராஜ்காரர் ஈரத்துணியால் பொனற்றைத் துடைத்துக் காட்டிச் சொல்கிறார்: "அண்ணை, இது செத்த பூச்சில்லை. மேல் தோல்தான் செத்திருக்கு. தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ."

காந்தம் வைத்துப் பார்க்கிறார்கள். இடப்பக்க மட்காட்டில் ஓரிடம் ஒட்டவில்லை. கூரையில் ஈரத்துணிக்கும் நிறம் வரவில்லை. பல வருடம் வெயில் நேரே விழுந்த இடம் அது. எனவே முடிவு இப்படி அமைகிறது: பொனற், கதவுகள், டிக்கி ஆகியவற்றுக்கு மெஷின், மட்காட்டுக்குக் கை, கூரைக்கு மட்டும் புதுப்பூச்சு. முழுக் காருக்குப் பதில் ஒரு பகுதிக்கு மட்டும் செலவு.

மிஞ்சிய காசு பிரேக்குக்குப் போகிறது. பூச்சின் பெரும்பகுதி பழையதாகவே இருப்பதில் இன்னுமொரு நன்மையும் உண்டு. பழைய கார்களைச் சேகரிப்பவர்கள் முதற்பூச்சைத்தான் தேடுகிறார்கள். புதுப்பூச்சின் கீழ் என்ன மறைந்திருக்கிறது என்று அவர்களுக்குச் சந்தேகம் வரும். வெளிப்படையாக நிற்கும் பழைய பூச்சில் அந்தச் சந்தேகம் இல்லை. ஆகவே விற்கும் எண்ணம் இருந்தாலும் அவசரப்பட்டு முழுவதும் அடிக்கவேண்டாம். நிறத்தை மாற்றுவதென்றால் பதிவுப் புத்தகத்திலும் மாற்றவேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம்.

8. அதன்பின் பராமரிப்பு

- மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் மெழுகு பூசுங்கள். மெஷின் பல வருடங்களுக்குத் தேவையில்லை. வருடந்தோறும் மெஷின் பிடித்தால் பூச்சுத் தீர்ந்துபோகும்.
- கடற்கரைப் பக்கம் ஓடி வந்த நாளில் நல்ல நீரால் அலசித் துடையுங்கள்.
- காகம் எச்சமிட்டால் ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுங்கள், சுரண்டவேண்டாம்.
- நிவாரணமாகக் கிடைத்த தறப்பாளைக் காரின் மேல் நேராகப் போர்த்தவேண்டாம். உள்ளே ஈரம் தங்கிக் கறள் பிடிக்கும். காற்றில் அசைந்து பூச்சைத் தேய்க்கும். நான்கு தடி நட்டு, காற்றுப் போகும்படி மேலே கூரையாகக் கட்டுங்கள். கிடுகுக் கொட்டில் அதைவிட நல்லது.

9. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*மெஷின் இல்லாமல் கையால் செய்யலாமா?*
செய்யலாம். சிறு காருக்கு நான்கு ஐந்து நாள் ஆகும். ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோடாகத் தேயுங்கள். பிழைவிட்டுப் பூச்சை எரிக்கும் ஆபத்துக் கையில் குறைவு. முதல்முறை செய்பவர்களுக்கு இதுவே பாதுகாப்பு.

*ஓரிடத்தில் இரும்பு தெரிந்துவிட்டது. என்ன செய்வது?*
உடனே நிறுத்துங்கள். அந்த இடத்தைத் துடைத்து, அன்றே அடிப்பூச்சு வையுங்கள். நமது உப்புக்காற்றில் வெறும் இரும்பு ஓர் இரவிலேயே கறள் பிடிக்கத் தொடங்கும்.

*பற்பசை பாவிக்கலாமா?*
விளக்குக் கண்ணாடிக்கும் சிறு கீறலுக்கும் சிலர் பாவிக்கிறார்கள். முழுக் காருக்கு வேண்டாம். சமமாக அராவாது.

*கார் புதியதுபோல் ஆகுமா?*
ஆகாது. கீறலும் சிறு தழும்பும் இருக்கும். ஆழமாகப் போனவற்றை முற்றாக எடுக்க முயன்றால் பூச்சே போய்விடும். நிறம் திரும்பினால் போதும் என்று நிறுத்துபவரின் கார்தான் அடுத்த தலைமுறைக்கும் நிற்கும்.

ஞாபகத்தில் வைக்க

1. வளவு பாதுகாப்பானது என்று உறுதியான பின்னரே காரை நெருங்குங்கள்.
2. முதலில் ஆவணம், அடுத்து உடலும் பிரேக்கும், கடைசியாக மெருகு.
3. ஈரத்துணியில் நிறம் வந்தால் பூச்சு உயிரோடு இருக்கிறது.
4. பூச்சில் ஈயம் இருக்கிறது என்று எண்ணி ஈரமாகத் தேயுங்கள். பிள்ளைகளைத் தூர வையுங்கள்.
5. மெதுவான பொருளில் தொடங்குங்கள். போதுமான இடத்தில் நிறுத்துங்கள்.
6. அன்றே மெழுகு பூசுங்கள்.

இப்பாடத்தைப் படித்த பின், உங்கள் ஊரில் பழைய கார் வைத்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் இக்கையேட்டைக் கொடுங்கள். இரும்பு விலைக்கு விற்க நினைக்கும் ஒருவர், விலை பேசும் முன் ஓர் ஈரத்துணியை எடுத்துத் துடைத்துப் பார்க்கட்டும்.